பணம் அனுப்பக் காசு வாங்காத ஆப்புக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

மலைக்கோட்டை_மாணவி
எல்லாருக்கும் வணக்கம். எம்பிஏ இரண்டாம் வருடம், ஃபைனான்ஸ். அடுத்த வாரம் செமினார். நிதித் தொழில்நுட்பம் நிதிச் சேவைகளை எப்படி மாற்றுகிறது என்பது தலைப்பு. பதினைந்து ஸ்லைடு போட்டுவிட்டேன். எல்லாம் வேகம், வசதி, வீட்டு வாசலில் வங்கி என்ற ரகம். நானே திரும்பப் படித்தால் விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

வழிகாட்டும் சார் ஸ்லைடு எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க அப்பா கடையில் ஒருத்தர் இருபது ரூபாய் ஸ்கேன் பண்ணினால் அதில் யாருக்கு எவ்வளவு போகுது?" அப்பா சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவரைக் கேட்டால், "ஒருத்தருக்கும் ஒண்ணும் போகலையே, இருபது ரூபாயும் முழுசா வருது" என்கிறார். அப்படியென்றால் இந்தக் கம்பெனிகள் எதை வைத்து நடக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவுண்டர்_மூணு
உங்கள் சார் விவரமானவர். நான் தனியார் வங்கியில் 14 வருடமாக இருக்கிறேன். முதலில் அந்த இருபது ரூபாய் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன், மீதி தானாகப் புரியும்.

வாடிக்கையாளர் கையில் இருக்கும் ஆப்பில் பணம் கிடையாது. அது ஒரு வாசல்தான். அந்த ஆப்புக்குப் பின்னால் ஒரு வங்கி கூட்டாளியாக நிற்கும். செய்தி அந்த வங்கி வழியாக என்பிசிஐயின் (யூபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம்) ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்ச் வாடிக்கையாளரின் வங்கியிடம் "இருபது கழி" என்கிறது, அப்பாவின் வங்கியிடம் "இருபது வரவு வை" என்கிறது. வங்கிகள் தங்களுக்குள் நிகரக் கணக்கைப் பிறகு ரிசர்வ் வங்கியில் தீர்த்துக்கொள்ளும். இதன் அடித்தளம் 2010இல் வந்த ஐஎம்பிஎஸ், அதாவது வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் முறை. அதன்மேல் எழுப்பிய மாடிதான் யூபிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். அதே வருடம் நவம்பரில் பணமதிப்பு நீக்கம். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது காசு விஷயம். கார்டு தேய்த்தால் கடைக்காரரிடம் எம்டிஆர் என்று ஒரு கழிவு பிடிப்பார்கள். 2018 விதிப்படி சின்னக் கடையில் டெபிட் கார்டுக்கு உச்ச வரம்பு 0.40 சதவீதம். இருபது ரூபாய்க்கு எட்டு பைசா. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் அதுவும் பூஜ்யம். அதற்குப் பதிலாக அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25க்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சின்ன வியாபாரிக்கு வரும் 2,000 ரூபாய் வரையான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். உங்கள் அப்பாவின் இருபது ரூபாய்க்கு மூன்று பைசா. அந்த மூன்று பைசாவையும் வங்கிகளும் ஆப்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனை தாண்டியது. அவ்வளவுக்கும் எங்கள் சர்வர் ஓட வேண்டும். செலவு எங்களுடையது, நன்றி ஆப்புக்கு. (சொந்தக் கடுப்பு, மன்னிக்கவும்.)

நெல்லை_நக்கீரன்
இதில் என்ன ரகசியம்? நம் டேட்டாவை விற்கிறார்கள். இலவசமாக ஒரு பொருள் கிடைத்தால் வெல்லக்கட்டியில் ஏதோ மறைத்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

கோட்_எழுதுபவன்
நக்கீரன் அண்ணா, குற்றம் கண்டுபிடிப்பதில் அவசரப்பட்டுவிட்டீர்கள். நான் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். டேட்டாவைக் கூடையில் அள்ளி வெளியே விற்பதில் எங்களுக்குப் பெரிய லாபம் இல்லை. அதை வைத்து நாங்களே என்ன விற்கலாம் என்பதுதான் கேள்வி.

வருமானம் என்று பார்த்தால் ரீசார்ஜ் கமிஷன், பில் கட்டணம், காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், தங்கம். எல்லாம் சில்லறை. "இருபது ரூபாய் வந்தது" என்று கத்தும் டப்பாவுக்கு மாத வாடகை இருக்கிறது, அது பரவாயில்லை. ஆனால் டப்பாவின் நிஜமான வேலை வாடகை சம்பாதிப்பதில்லை. கடைக்காரர் எங்கள் க்யூஆரை விட்டு வேறு க்யூஆருக்கு மாறாமல் பிடித்து வைப்பதுதான். கூட்ட நேரத்தில் போனை எடுத்துப் பார்க்க முடியாது, டப்பா சொன்னால்தான் வியாபாரம் ஓடும். டப்பா இருக்கும் கடையின் தினசரி வரவு மொத்தமும் எங்கள் வழியாக ஓடும்.

அந்த வரவை ஆறு மாதம் பார்த்தால் போதும். எந்தக் கிழமை வியாபாரம் அதிகம், மாதக் கடைசியில் எவ்வளவு விழுகிறது, மழைக்குக் கடை மூடுகிறதா, திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர், எல்லாம் தெரியும். வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத கடைக்காரருக்கும் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று சொல்லிவிடலாம். சம்பாத்தியம் அங்கேதான், கடனில். பணம் அனுப்புவது வாசல். கடன்தான் வீடு.

தண்டல்காரர்_பேரன்
இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் தாத்தா இந்தத் தொழிலைத்தான் செய்தார், சைக்கிளில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டல் என்றால் காய்கறி வண்டி, பூக்கடை, டீக்கடைக்காரர்களுக்குக் காலையில் பணம் கொடுத்துத் தினமும் கொஞ்சமாக வசூலிப்பது. பத்தாயிரம் கடன் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். சின்ன அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து.

தாத்தாவிடம் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று காட்டும் மதிப்பெண்) கிடையாது. ஆனால் தினமும் சாயங்காலம் கடைக்கு முன்னால் நின்று வசூலிப்பதால் கல்லாவில் எவ்வளவு கிடக்கிறது, கூடையில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்ப்பார். மிச்சம் அதிகமாக இருந்தால் மறுகடன் தள்ளிப்போகும். இப்போது அதே வேலையை டப்பா செய்கிறது. அவர் ஒரு தெருவைப் பார்த்தார், இவர்கள் நாடு முழுவதும் பார்க்கிறார்கள். வசூலும் அப்படித்தான். ராத்திரி கடைக்காரர் கணக்குக்கு வர வேண்டிய பணத்திலிருந்து அன்றைய தவணையைக் கழித்துக்கொண்டு மீதியைப் போடுகிறார்கள். தாத்தா சைக்கிள் மிதித்தார், இங்கே மிதிக்க வேண்டியதில்லை. அதுதான் புதுமை.

கோட்_எழுதுபவன்
எங்கள் ஆபீசில் இதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் வைத்து, அதை விளக்க நாற்பது ஸ்லைடு போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள்.

மலைக்கோட்டை_மாணவி
தண்டல் கணக்கில் ஒரு சந்தேகம். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் வட்டி என்றால் 11 சதவீதம்தானே? இதைப் போய் ஏன் எல்லோரும் அநியாய வட்டி என்கிறார்கள்?

ஆடிட்டர்_அக்கா
தங்கச்சி, இதைச் செமினாரில் சொல்லிவிடாதே, பிடித்துக்கொள்வார்கள். இரண்டு தவறு இருக்கிறது.

ஒன்று, 11 சதவீதம் என்பது நூறு நாளுக்கு. வருடத்துக்கு அல்ல. இரண்டாவது இன்னும் பெரியது. ஒன்பதாயிரமும் நூறு நாள் அவர் கையில் இருக்கவில்லை. முதல் நாளே நூறு திரும்பிவிட்டது, ஐம்பதாம் நாளில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. சராசரியாக அவரிடம் இருந்தது நாலரையாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. எக்செல்லில் ரேட் ஃபார்முலாவைத் திறந்து 100 தவணை, தவணை 100, கையில் 9,000 என்று போட்டுப் பார். நாள் வட்டி ஏறக்குறைய 0.21 சதவீதம் வரும். 365ஆல் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 77 சதவீதம்.

தினசரித் தவணைக் கடனில் எப்போதும் நடக்கிற கண்கட்டு வித்தை இது. "மாதம் ஒன்றரை ரூபாய் வட்டிதான்" என்று கடைசிவரை முழு அசலுக்கும் கணக்குப் போட்டுச் சொன்னால் காதுக்கு இதமாக இருக்கும். குறையும் அசலில் போட்டால் முகம் மாறிவிடும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலில், எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை விவரத்தாளில் முன்கூட்டியே காட்டியாக வேண்டும் என்றார்கள். கடன் தொகை நடுவில் இருக்கும் ஆப்பின் கணக்குக்குப் போகாமல் வாங்குபவரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பதும் அதில்தான்.

நெல்லை_நக்கீரன்
அப்போது ஆப் கொடுப்பது கடன் இல்லையா? யார் பணம் அது?

ஆடிட்டர்_அக்கா
இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பெரும்பாலும் ஆப்பின் பணம் இல்லை. வங்கி அல்லது என்பிஎஃப்சியின் (கடன் கொடுக்க உரிமம் பெற்ற, வங்கி அல்லாத நிதி நிறுவனம்) பணம். ஆப் ஆள் பிடித்துக் கொடுக்கிறது, கணக்குப் போடுகிறது, வசூலிக்க உதவுகிறது, கமிஷன் வாங்குகிறது. கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் யாருக்கு? முன்பு சில ஆப்புகள் "முழு நஷ்டமும் எங்களுடையது" என்று என்பிஎஃப்சிக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு, கடன் கொடுக்கும் உரிமமே இல்லாமல் கடன்காரராக நடந்துகொண்டன. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி அதற்கு 5 சதவீத வரம்பு வைத்தது. நூறு கோடி கடன் தொகுப்புக்கு ஆப் தரப்பு ஐந்து கோடிவரைதான் பொறுப்பேற்கலாம். மீதி உரிமம் வைத்திருப்பவர் தலையில்.

மாணவிக்கு: "தொழில்நுட்பம் வங்கியை ஒழித்துவிட்டது" என்று எந்த ஸ்லைடிலாவது இருந்தால் அழித்துவிடு. வாடிக்கையாளரின் முகம் வங்கியை விட்டுப் போயிருக்கிறது. நஷ்டம் வங்கியிடமேதான் இருக்கிறது.

கவுண்டர்_மூணு
அக்கா சொன்னதற்கு ஒரு சாட்சி. 2020 மார்ச் 5 சாயங்காலம் யெஸ் பேங்க்குக்குத் தடை போட்டார்கள், 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. அன்று இரவே போன்பே நின்றுபோனது. போன்பேவின் யூபிஐக்குப் பின்னால் இருந்த வங்கி அதுதான். மறுநாள் ஐசிஐசிஐ வழியாகத் திரும்ப எழுந்தார்கள். வாசல் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் வீட்டின் அஸ்திவாரம் யாருடையது என்பது அன்று தெரிந்தது. அதன்பின் பல வங்கிகளை வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். யூபிஐ பரிவர்த்தனையில் போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல். ஒரு ஆப் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்பிசிஐ 2020இலேயே சொன்னது. கெடு தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் 31க்குப் போயிருக்கிறது. "வாடிக்கையாளரே, எங்கள் பங்கு கூடிவிட்டது, பக்கத்துக் கடைக்குப் போங்கள்" என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

பனியன்_ஊர்க்காரன்
தண்டலைப் பற்றி ரொம்ப உருகுகிறீர்கள். எங்கள் தெருவில் தண்டல்காரர் சைக்கிள் மணி கேட்டால் பின்வாசல் வழியாக ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் இந்த மாநிலம் சட்டமே போட வேண்டி வந்தது.

தண்டல்காரர்_பேரன்
உருகவில்லை. தாத்தா நல்லவர் என்றும் சொல்லவில்லை, 77 சதவீதத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். பூக்காரம்மா வீட்டில் சாவு என்றால் தாத்தா நாலு நாள் போகமாட்டார். நூறு நாள் கடன் நூற்று நாலு நாளாகும், அவ்வளவுதான், அபராதம் இல்லை. மெஷினுக்குச் சாவு வீடு தெரியாது. அடுத்த முறை வரவு வந்தவுடன் கழித்துவிடும்.

பனியன்_ஊர்க்காரன்
மெஷின் வாசலில் நின்று கத்தவும் கத்தாது. எது மேல் என்று பூக்காரம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

கோட்_எழுதுபவன்
மெஷின் கத்தாது. மெஷின் பெயரில் கத்த ஆள் வைத்தவர்கள் இருந்தார்கள். கொரோனா காலத்துக் கடன் ஆப்புகள் நினைவிருக்கிறதா? போனில் உள்ள எண்களை எல்லாம் எடுத்து, சொந்தக்காரர்களுக்குப் படத்தை அனுப்பி மிரட்டின. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021இன் முதல் இரண்டு மாதத்தில் தேடியதில் சுமார் 1,100 கடன் ஆப்புகள் கிடைத்தன. அதில் 600 சட்டவிரோதம். அக்கா சொன்ன 2022 விதிகள் அந்தக் கலவரத்துக்குப் பிறகு வந்தவை. எங்கள் துறை இதைப் பேசப் பிடிக்காமல் நழுவும். செமினாரில் நீங்கள் பேசுங்கள்.

பெங்களூர்_பலகாரம்
கடைக்காரன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பெங்களூரில் பலகாரக் கடை. 2025 ஜூலையில் இங்கே வணிகவரித் துறை யூபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. வருடத்தில் 40 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. காய்கறி, பால் என்று வரியே இல்லாத சரக்கு விற்றவர்களுக்கும் நோட்டீஸ். ஒரே வாரத்தில் தெருவெல்லாம் "ரொக்கம் மட்டும்" அட்டை தொங்கியது. க்யூஆர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். நானும்தான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் பயம் வந்தால் கை அதுபாட்டுக்குச் சுரண்டுகிறது.

டேட்டாவை வைத்துக் கடன் வரும் என்கிறீர்கள். அதே டேட்டாவை வைத்து நோட்டீஸும் வரும். இரண்டு மாதம் கழித்து ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினேன். சில்லறை இல்லாமல் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

ஆடிட்டர்_அக்கா
அந்த மாதம் என் போன் ஓயவில்லை. மச்சான் அனுப்பிய கைமாற்று, வீட்டு வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் வந்திருக்கும். மொத்தத்தையும் விற்பனை என்று எடுத்தால் 40 லட்சம் சுலபமாக வந்துவிடும். கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள் என்று இருபது வருடமாகக் கத்துகிறேன்.

பீளமேடு_பவுண்டரி
எல்லோரும் ஸ்கேனிலேயே நிற்கிறீர்கள். தயாரிப்புத் தொழிலில் இருப்பவனுக்கு 20 ரூபாய் பிரச்சினை இல்லை, 20 லட்சம் பில்தான் பிரச்சினை. நான் பம்ப்செட் கம்பெனிகளுக்கு வார்ப்பு போட்டுத் தருகிறேன். சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். நிஜத்தில் 90 நாள். போன் பண்ணினால் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சுங்க".

இதற்கு ட்ரெட்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014இல் வழிகாட்டுதல் போட்டது, 2017இல் ஓட ஆரம்பித்தது. என் பில்லை அந்தத் தளத்தில் ஏற்றுவேன். வாங்கிய கம்பெனி "ஆமாம், தர வேண்டும்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதும் பல வங்கிகள் அந்தப் பில்லுக்கு ஏலம் கேட்கும். குறைந்த வட்டி கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு ஓரிரு நாளில் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனி பிறகு ஏமாற்றினாலும் வங்கி என் கழுத்தைப் பிடிக்க முடியாது. வட்டியும் பெரிய கம்பெனியின் தரத்தை வைத்துத்தான் வரும், என் தரத்தை வைத்து அல்ல. அதனால் நான் நேராகப் போய் வாங்கும் கடனைவிட மலிவு.

ஓட்டை எங்கே? அந்த "ஆமாம்" என்ற ஒரு சொல்லில். ஒப்புக்கொண்டால் குறித்த தேதியில் கட்டியே தீர வேண்டும், இழுத்தடிக்க முடியாது. அதனால் பல கம்பெனிகள் பக்கமே வருவதில்லை. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் சேர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. சேர்வது வேறு, பில்லை ஒப்புக்கொள்வது வேறு. எனக்கு வேலை தரும் ஒரு கம்பெனி சேர்ந்துவிட்டது. என் பில் இன்னும் "பரிசீலனையில்".

மலைக்கோட்டை_மாணவி
இது எங்கள் பாடத்தில் நாலு வரியில் முடிந்துவிட்டது அண்ணா. நீங்கள் வற்புறுத்த முடியாதா?

பீளமேடு_பவுண்டரி
வற்புறுத்தினால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். அதை எந்த ஆப்பும் தீர்க்காது, கண்ணு.

சிராங்கூன்_சேகர்
சிங்கப்பூரிலிருந்து. 2023 பிப்ரவரியில் இங்கே உடனடியாகப் பணம் அனுப்பும் முறையான பேநவ்வையும் யூபிஐயையும் இணைத்தார்கள். அதற்கு முன் ஊருக்குப் பணம் அனுப்ப ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வரிசை. உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம், அனுப்புகிறவர்களும் உண்டு. இப்போது அறையில் படுத்துக்கொண்டே அம்மா எண்ணுக்கு அனுப்புகிறேன். ஆனால் நாணய மாற்று விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு அதில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மலைக்கோட்டை_மாணவி
எல்லோருக்கும் நன்றி. பதினைந்து ஸ்லைடில் பன்னிரண்டைத் தூக்கிவிட்டேன். நேற்று ராத்திரி கடை சாத்தும்போது அப்பா போனை வாங்கிப் பார்த்தேன். "உங்களுக்காக 80,000 ரூபாய் கடன் தயார்" என்று தினமும் வந்து கிடக்கிறது. தினம் 290 ரூபாய், 330 தவணை. அப்பா, "வாங்கலாமான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன், தீபாவளிச் சரக்கு எடுக்கணும்" என்றார். எனக்குத் திக்கென்றது. கணக்குப் போட்டேன். மொத்தம் கட்டுவது 95,700. பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா சொன்ன ரேட் ஃபார்முலாவில் போட்டால் வருடத்துக்குச் சுமார் 41 சதவீதம் வருகிறது. தண்டலைவிட எவ்வளவோ குறைவு, வங்கியைவிட எவ்வளவோ அதிகம். இதையே முதல் ஸ்லைடாக வைக்கப் போகிறேன்.

கவுண்டர்_மூணு
நல்ல முதல் ஸ்லைடு. அந்த 80,000 முழுசாகக் கைக்கு வருமா? பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் பிடித்துக்கொண்டுதானே தருவார்கள்?

மலைக்கோட்டை_மாணவி
இப்போதுதான் கீழே சின்ன எழுத்தைப் பார்த்தேன் சார். 2 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. கைக்கு வருவது 78,112. திரும்பப் போட்டேன், 46 வருகிறது.

தண்டல்காரர்_பேரன்
தாத்தா ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார் என்று சொன்னேனே.